மாவிலிருந்து மூன்று மீட்டர்

ஞானபாயின் வலது கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, அவளுக்கு முழுச் சொந்தமில்லை என்று பதினேழு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதை முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாண்டாம், கையெழுத்துப் போடு" என்று சொன்ன மடையன் நான்தான்.

என் பெயர் குற்றாலிங்கம். கேரள எல்லையில், பாறசாலை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே முப்பத்தெட்டு வருஷமாக ஆதாரம் எழுதுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பத்திரம் என்பார்கள். கிழக்கே இன்னார் பறம்பு, மேற்கே இடவழி, தெற்கே தண்ணீர் ஓடும் தோடு என்று நாலு எல்லையும் எழுதி எத்தனையோ பேருடைய நிலத்தைப் பிடித்து நிறுத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு கைக்கு எல்லை எழுத வேண்டி வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வந்தபோது கோட்டை விட்டேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞானபாய் என் வீட்டுக்குப் பின் வீடு. வயது ஐம்பத்தெட்டு. கணவர் சத்தியதாஸ் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஒரே மகள் எப்சி, நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞானபாய்க்குத் தொழில் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தக் கிறிஸ்தவக் கல்யாண வீட்டிலும் காலைச் சாப்பாட்டுக்கு ஆப்பம் என்றால், முந்தின நாள் சாயங்காலம் அவள் போக வேண்டும். அரிசி அரைப்பது வேறு ஆட்கள். சுடுவது வேறு ஆட்கள். நடுவில் மாவைக் கலக்குவது மட்டும் அவள். இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் சருவத்தில் மாவு நிற்கும். அவள் சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, சருவத்துக்கு மேலே குனிந்து, "ஜெபிப்போம்" என்பாள். வீடே கண்ணை மூடும். ஜெபம் நீளமாகப் போகும். ஆமென் சொன்னதும் முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவாள். காலையில் பார்த்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

கூலி வாங்க மாட்டாள். ஒரு துவர்த்துத் துண்டு, இரண்டு தேங்காய், அவ்வளவுதான். பனச்சமூடு தாண்டி தமிழ்நாட்டுக்குள்ளும் அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "ஞானபாய்க்க ஜெபத்துக்கு ஒரு பலம் உண்டு" என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள். பெரிய சருவம் என்றால் பெரிய ஜெபம், சின்னச் சருவம் என்றால் சின்ன ஜெபம். இதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நானும்தான் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் சபையின் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுவிலக்கு உறுதிமொழியை அவள் வாசிக்க, எல்லாப் பெண்களும் திருப்பிச் சொல்வார்கள். சத்தியதாஸ் முன்னொரு காலத்தில் சாயங்காலமானால் கள்ளுக்கடைப் பெஞ்சில் இருந்தவர். அவரைப் பிடித்து இழுத்து வந்து, இருபது வருஷமாக ஒரு சொட்டுப் படாமல் வைத்திருப்பவள் அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு கல்யாணத்தில் சுனில்குமார் என்ற பையன் ஒன்பது ஆப்பம் தின்றான். அவன் ஜீவாங்குர் என்று ஒரு பயோடெக் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசர். ஊர் ஊராகப் போய் ஊறுகாய்ப் பரணி, தயிர்க்கலம், மாவுச் சருவம் எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்து, அதில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிற வேலை. இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆப்பத்தைத் தின்று முடித்தவன் நேரே ஞானபாய் வீட்டுக்கு வந்துவிட்டான். சத்தியதாஸ் என்னையும் கூப்பிட்டார், இங்கிலீஷ் பேசினால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே என்று.

"அம்மச்சிக்க கையில நல்ல பாக்டீரியா, ஈஸ்டு எல்லாம் உண்டு. ஒரு சாம்பிள் எடுத்தா மதி," என்றான் சுனில்குமார். "சோப்பு போட்டுக் கழுவாண்டாம். மாவு கலக்கதுக்கு முன்னால கை எப்படி இருக்குமோ, உள்ளது போலக் காட்டினா போதும்."

"உள்ளது போலயா?" என்று ஞானபாய் கேட்டாள்.

"உள்ளது போல."

ஞானபாய் "நில்லு மக்கா, இப்ப வாறேன்" என்று சொல்லி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது. நான் தண்ணீர் என்று நினைத்தேன். அவன் பஞ்சால் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் துடைத்து எடுத்து, பெட்டிக்குள் வைத்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஆறு மாதத்தில் ஒப்பந்தம் வந்தது. ஞானபாயின் கையில் உலகத்தில் எங்கும் இல்லாத ஓர் ஈஸ்ட் இருக்கிறதாம். அதற்கு அவள் பெயரின் இங்கிலீஷ் முதலெழுத்தைச் சேர்த்து ஜி-ஏழு என்று பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார்களாம். பதினோராம் பக்கத்தில், மேற்படி பொருளை மேற்படியாள் வேறெந்த நபருக்கும் கொடுக்கவோ கடத்தவோ பரப்பவோ கூடாது என்று இருந்தது. ஆதாரத்தில் எல்லாம் இப்படி நாலு வரி சும்மா கிடக்கும், யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டாள். ஒரு கிரைண்டரும் ஒரு பொன்னாடையும் கொடுத்தார்கள். கிரைண்டர் மூன்றாம் மாதம் நின்றுபோனது.

பிறகு கடைகளில் பொட்டலம் வந்தது. "அம்மச்சிக்கை ஆப்பக்கூட்டு". மேலே ஞானபாயின் உள்ளங்கைப் படம், ரேகை உட்பட. காட்டாக்கடைச் சந்தையில் ஒரு கைரேகைக்காரன் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து, இந்த அம்மைக்குக் கடல் கடந்து போகும் யோகம் உண்டு என்றானாம். பொட்டலம் அப்போதே துபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. ஞானபாயும் ஆசையாகக் கடைக்குப் போய்த் தன் கையைக் காசு கொடுத்து வாங்கி வந்தாள். மாவில் போட்டுப் பார்த்தாள். சுமாராகப் பொங்கியது.

"கொள்ளாம். ஆனா எனக்க கை போல வராது," என்றாள்.

சபைக்குப் பெருமை தாங்கவில்லை. போதகர் பிரசங்கத்தில் இரண்டு தடவை அந்தக் கையைப் பற்றிச் சொன்னார். மாதர் சங்கத் தலைவி சாராம்மா பொட்டலத்தைச் சட்டம் போட்டு சங்க அறையில் மாட்டினாள். சாராம்மா ஓய்வுபெற்ற டீச்சர். அவள் தும்மினால் ஆறாம் வகுப்பு எழுந்து நிற்கும், அப்படி ஒரு தொண்டை.

அப்புறம்தான் சுனில்குமார் நோட்டீசோடு வந்தான். ஞானபாய் கல்யாண வீடுகளில் மாவு கலக்குவது, கம்பெனிக்குச் சொந்தமான ஜி-ஏழை அனுமதியின்றிப் பரப்புவதாகுமாம். இனி வீட்டுக்கு வெளியே மாவைத் தொடுவதானால் கையுறை போட வேண்டும். கையுறையும் கொண்டு வந்திருந்தான், நீல நிறத்தில், கம்பெனி முத்திரையோடு.

"எனக்க கைய நான் உறைக்குள்ள போட்டு வைக்கணுமா?" என்று அவள் கேட்டாள்.

"கை அம்மச்சிக்கதுதான். அதில இருக்கியது கம்பெனிக்கது," என்றான். பாவம், அவனுக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த கல்யாணத்தில் அவள் கையுறை போட்டுக் கலக்கினாள். முன்னால் எப்போதும் போல ஜெபம். மாவு பொங்கி மூடியைத் தள்ளியது. கம்பெனி தடித்த கையுறை அனுப்பியது. அப்போதும் பொங்கியது. முழங்கைக்கு மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்கும் கையுறை ஒன்று வந்தது, கால்நடை டாக்டர்கள் போடுவது. அதையும் போட்டுக்கொண்டு கலக்கினாள், மாவு தரையில் வழிந்தது. கம்பெனியில் படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கையுறை மாற்றினோம், பானை மாற்றினோம், அரிசி மாற்றினோம், மாறாமல் இருப்பது எது? ஜெபம். மூச்சு வழியாக ஜி-ஏழு மாவுக்குப் போகிறது என்று முடிவு கட்டினார்கள். இரண்டாம் நோட்டீஸ் வந்தது. அதைத் தமிழில் சொல்லித் தந்தவனும் நான்தான்: மேற்படியாள் இனிமேல் மாவிலிருந்து மூன்று மீட்டர் தொலைவுக்குள் ஜெபம் செய்யலாகாது.

அட கடவுளே! இதற்குமேல் சபை சும்மா இருக்குமா? சாராம்மா நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு சர்ச்சு முற்றத்தில் நின்று கத்தினாள். "கிருமி உனக்குச் சொந்தம்னு சொன்னே, விட்டோம். கை உனக்குச் சொந்தம்னு சொன்னே, அதையும் விட்டோம். ஜெபமும் உனக்குச் சொந்தமாலே?" அறுபது பெண்கள் டேப்பு வாங்கி வந்து, சருவத்தைச் சுற்றி மூன்று மீட்டர் அளந்து, அதற்குள் முழங்கால் போட்டார்கள். நோட்டீஸ் கொடுக்கவேண்டுமென்றால் எல்லோருக்கும் கொடு என்றார்கள். சுனில்குமார் நோயாளி மாதிரி ஆகிவிட்டான்.

கடைசியில் ஒரு சமரசம் பேசினார்கள். எப்சியின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதற்கு முந்தின நாள் சாயங்காலம், சபை மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும் ஞானபாய் மாவுக்கு ஜெபிக்க வேண்டும். கையுறை போட்ட கையை மாவில் விடவும் கூடாது, ஒரு கரண்டியால்தான் கலக்க வேண்டும். மாவு பொங்கினால் அது ஜெபத்தின் பலம், கையின் பலமல்ல; கம்பெனி ஒப்பந்தத்தை ரத்து செய்யும். பொங்காவிட்டால் அவள் இனி ஆயுசுக்கும் எந்தச் சருவத்துக்கும் கிட்டே போகக் கூடாது. அரிசி ஊறப்போடுவதிலிருந்து அரைத்து முடிக்கும் வரை சபை ஆள் இரண்டு, கம்பெனி ஆள் ஒன்று காவல். இன்னொரு நிபந்தனையும் உண்டு. திருட்டு எதுவும் நடக்கவில்லை என்று நிரூபிக்க, ஜெபத்தின்போது எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதைச் சொன்னது கம்பெனி இல்லை. சாராம்மா.

முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, மதியம், ஞானபாய் என் எழுத்துமேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"சாரே, எனக்கு மனசில ஒரு வெப்ராளம். யாருக்கிட்டயும் சொல்லப்பிடாது."

"சொல்லு."

"நான் ஜெபிக்கியதில்லைன்னு இல்ல. ஜெபிக்கத்தான் செய்யியேன். ஆனா முக்காட்டுக்குள்ள ஒரு குப்பி உண்டு."

"என்ன குப்பி?"

"கிருஷ்ணன்குட்டிக்க தென்னங்கள்ளாக்கும்."

கிருஷ்ணன்குட்டி எங்கள் இடவழியில் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவன். முப்பது வருஷமாக, கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், பழைய ஹார்லிக்ஸ் குப்பியில் கள்ளைக் காகிதம் சுற்றி அவள் வீட்டு மாட்டுத்தொழுவில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் வலது கையைக் குழித்துப் பிடித்து, சத்தம் கேட்காமல், விரல் வழியாக அதை மாவில் இறக்குவாள். குப்பி காலியாகிற வரை ஜெபம். கிளுக் என்று ஒரு சத்தம் வந்தால் போச்சு, அதனால் மெதுவாகத்தான் ஊற்ற முடியும், அதனால்தான் நீளமான ஜெபம்.

"அப்ப அண்ணைக்கு அந்தப் பய பஞ்சில துடைச்சு எடுத்தது?"

"கள்ளுதான் சாரே. உள்ளது போலக் காட்டணும்னு சொன்னானே. பொய் காட்டப்பிடாதுன்னு அடுக்களையில போய்க் குப்பிக்க அடியில நின்னதைக் கையில ஊத்திட்டு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது. துபாய் வரைக்கும் போகிற ஜி-ஏழு, எங்கள் இடவழித் தென்னையின் பாளையில் யாரும் கேட்காமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பதிவு, படம், பதினேழு பக்கம்!

"அரைக்கும்போதே ஊத்திரு," என்றேன்.

"காவல் உண்டுல்லா."

"பேக்கரியில ஈஸ்டு வாங்கி..."

"அதைப் போட்டா அது ஆப்பமா சாரே?" என்று என்னை முறைத்தாள்.

பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உள்ளதைச் சொன்னா சங்கத்தில இருந்து பேரை வெட்டுவினும். உறுதிமொழி வாசிச்ச வாயாக்கும். இவருக்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? சொல்லாட்டா எனக்க பிள்ளைக்க கல்யாணத்துக்கு மாவு பொங்காது. நானூறு பிள்ளைகளுக்குக் கலக்கிக் குடுத்த கை சாரே. எப்சிக்குக் கரண்டி வச்சுக் கிண்டணுமாம்." அவள் அந்தக் கையை மேசை மேல் வைத்து அதையே பார்த்தாள். "எப்சி சொல்லியா, ஓட்டல்ல சொல்லி இட்லி வரவழைக்கலாம் அம்மான்னு. அவ நல்லதுக்குத்தான் சொல்லியா. எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு."

நான் முப்பத்தெட்டு வருஷம் சட்டம் பார்த்தவன். நானே எழுதிய சமரசத் தாளை எடுத்து மறுபடி படித்தேன், ஓர் ஓட்டைகூட இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நடுவில் சருவம், அதில் வெள்ளை மாவு. சத்தியதாஸ் எப்போதும் போலச் சருவத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். மணப்பெண் எப்சி அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். சுனில்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினான். நான் முத்திரைத்தாளோடு ஓரத்தில்.

"எல்லாரும் கண்ணைத் தொறந்து பாருங்க," என்றாள் சாராம்மா. "யாரும் இமைக்காண்டாம்."

ஞானபாய் வந்து நின்றாள். நீலக் கையுறை. முக்காடு போட்டாள். முந்நூறு கண் அவளைப் பார்த்தது. அவள் எப்சியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டாள். இடுப்பிலிருந்து காகிதம் சுற்றிய ஹார்லிக்ஸ் குப்பியை எடுத்தாள், காகிதத்தைப் பிரித்தாள், எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து மூடியைத் திறந்தாள். வாசனை மண்டபத்தில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போனது. எங்கள் ஊரில் அந்த வாசனை எதுவென்று தெரியாதவன் பிறக்கவில்லை. சத்தியதாஸ் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனுஷன் இருபது வருஷமாக ஏன் எல்லாச் சருவத்துக்கும் பக்கத்தில் நிற்கிறார் என்று.

"நான் உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்," என்று ஞானபாய் தொடங்கினாள். "முப்பது வருஷமா நான்..."

"ஜெபிப்போம்!" என்று கத்தினாள் சாராம்மா.

சட்டென்று முந்நூறு கண்ணும் மூடின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. இமைக்காதே என்று சொன்னவள் முதலில் மூடினாள், அதுவும் இறுக்கி. சத்தியதாஸ் மூடினார். எப்சி உதட்டைக் கடித்துக்கொண்டு மூடினாள். நான் சுனில்குமாரைப் பார்த்தேன். அவன் குப்பியைப் பார்த்தான், மாவைப் பார்த்தான். ஒப்பந்தம், துபாய்ப் பொட்டலம், அவன் வேலை எல்லாம் அந்தக் குப்பிக்குள் இருந்தது. மெதுவாகச் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

சாராம்மா ஜெபித்தாள். தேசத்துக்காக, மழைக்காக, நோயாளிகளுக்காக, மணமக்களுக்காக. ஞானபாய் கையுறையைக் கழற்றித் தரையில் போட்டாள். கன்னத்தில் கண்ணீர் ஓட, கையைக் குழிக்காமல், மறைக்காமல், குப்பியை அப்படியே கவிழ்த்து ஊற்றினாள். கிளுக், கிளுக் என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே சாராம்மா குரலை உயர்த்தினாள். ஞானபாய் முழங்கை வரை வெறுங்கையை விட்டு, தன் மகளுடைய மாவைக் கலக்கினாள். அவள் கையை எடுத்துத் துடைத்துக் கையுறையை மாட்டிய பிறகுதான் ஆமென் வந்தது. யாருக்கும் கண் திறக்க அவசரமில்லை.

கம்பெனி அடுத்த மாதம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. ஜெபத்தோடு வழக்காடினால் பத்திரிகையில் பெயர் கெடும் என்று வக்கீல்கள் சொன்னார்களாம். "சாரே, நான் ஒண்ணும் காணல்ல," என்று சுனில்குமார் நான் கேட்காமலே என்னிடம் சொன்னான். இப்போது பொட்டலத்தில் உள்ளங்கைக்குப் பதிலாகக் கூப்பிய இரண்டு கைகள் இருக்கின்றன. விற்பனை கூடியிருக்கிறதாம்.

அதெல்லாம் பிறகு. கல்யாணத்தன்று காலையில் மாவு மூடியைத் தூக்கி எறிந்திருந்தது. வரிசையாக இலை போட்டார்கள். ஞானபாய் யார் முகத்தையும் பார்க்காமல் ஆப்பம் பரிமாறிக்கொண்டு வந்தாள். மாதர் சங்கத் தலைவியின் இலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். சாராம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கினாள்.

"ஞானபாயே," என்றாள், "இந்தத் தடவ ஜெபம் கொஞ்சம் கூடிப்போச்சு. புளிப்பு உண்டு."

பிறகு இலையை முன்னால் நகர்த்தி, "இன்னும் ரெண்டு வையி," என்றாள்.